சாவுக்கென்று கொழுத்த குதிரை

“சாவு இன்னிக்கே வந்து என் வாசல்ல நின்னாலும், ‘ஒரு நிமிஷம் பொறு’ன்னு சொல்ற ஆள் நான் இல்ல. தொப்பியை மாட்டிக்கிட்டு நேரா கெளம்பிடுவேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். இந்தப் பள்ளத்தாக்குலயே சாவுக்கு முழுசாத் தயாரா இருக்கிற ஒரே ஆம்பள நான்தான்!”

இந்த வீரவசனத்தை ஷர்ஷென் தன் வீட்டில் உட்கார்ந்து சொல்லவில்லை. அடுத்த தெருவில் ஒரு சாவு வீட்டில், செத்தவரின் குதிரைக்கறியை மென்றுகொண்டே சொன்னார். கேட்டவர்கள் யாரும் மறுக்கவில்லை. எல்லோர் வாயிலும் கறி இருந்தது ஒரு காரணம். அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை என்பது இன்னொரு காரணம்.

ஷர்ஷென் கரா-புலுன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஊரில் யார் செத்தாலும் அந்த விசிலோடு முதல் ஆளாகப் போய் நிற்பார். பிணத்தை வைக்கும் கம்பளிக் கூடாரத்தை முற்றத்தில் எங்கே போடுவது, குழி வெட்டுகிறவர்களுக்கு யார் டீ கொண்டுபோவது, வருகிற கார்களை எந்தப் பக்கம் ஒதுக்குவது, கடைசியில் எந்த எலும்பு யார் தட்டில் விழுவது எல்லாம் அவர் ஊதுவதைப் பொறுத்தது. ஒரு குளிர்காலத்தில் அவர் மகளைப் பார்க்கத் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போயிருந்தபோது, படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு கிழவர்கள் அவர் திரும்பி வரும்வரை உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதை அவரும் மறுத்ததில்லை.

ஊரார் சாவை இவ்வளவு ஒழுங்காக நடத்துகிறவர் தன் சாவை மட்டும் ஏனோதானோவென்று விட்டுவிடுவாரா? கொட்டிலில் சாம்பல் நிறக் குதிரை ஒன்று நின்றது. அதன் முதுகில் யாரும் ஏறியதில்லை, அது எந்த வண்டியையும் இழுத்ததில்லை. அதற்கு இருந்த ஒரே வேலை தின்பது. ஷர்ஷெனின் சாவுச் சாப்பாட்டுக்கு அறுபட வேண்டிய குதிரை அது. அதன் விலாவில் கொழுப்பு ஏற ஏற ஷர்ஷெனின் நெஞ்சு நிமிர்ந்தது. பரணில் கம்பளிக் கூடாரம் கட்டி வைத்திருந்தது. மனைவி புருலின் இரும்புப் பெட்டியில், அழ வருகிற பெண்களுக்குக் கிழித்துக் கொடுக்க வேண்டிய துணி அடுக்கியிருந்தது. மேட்டுக் கல்லறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து, கம்பு நட்டு, ஒருநாள் அதில் படுத்தும் பார்த்துவிட்டு வந்தார்.

“அருமையான இடம் கெழவி. எதிர்ல பனிமலை பூராத் தெரியுது.”

“மூடின பெறகும் தெரியுமா?” என்றாள் புருல், மாவு பிசைந்துகொண்டே.

“உனக்கு எதையும் ரசிக்கத் தெரியாது.”

ஆனால் ஒன்று குறைந்தது. குதிரையைக் கொழுக்க வைக்கலாம், துணியை வாங்கி வைக்கலாம். அந்த ஒன்றை மட்டும் வாங்கி வைக்க வழியில்லை. சாவு விழுந்தால், கூடாரத்து வாசலில் இடுப்புக் கச்சை கட்டி, கோலை ஊன்றி, குனிந்து நின்று ஓலமிட ஓர் ஆண் வேண்டும். செத்தவனின் மகனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கூடப் பிறந்தவன். வருகிற ஆண்கள் அவனைத்தான் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஷர்ஷெனுக்கு மூன்று பெண்கள். மூன்றும் தங்கம். ஆனால் பெண்களின் இடம் கூடாரத்துக்கு உள்ளே; சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். மருமகன்கள் தண்ணீர் சுமக்கலாம், விறகு பிளக்கலாம். வாசலில் நிற்க முடியாது. மிச்சம் இருந்தது ஒரே ஆள், தம்பி எசென்குல். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்தான். அண்ணனோடு பேசிப் பல வருஷமாகிறது.

காரணம் ஓர் எலும்பு.

அப்பாவின் வருஷச் சாப்பாட்டில் வழக்கம்போல் ஷர்ஷென்தான் கறியைப் பங்கிட்டார். இடுப்பெலும்பு பெரியவர்களுக்கு, தொடையெலும்பு அடுத்தவர்களுக்கு, இப்படி இறங்கிக்கொண்டே போய், முன்னங்கால் எலும்பு சின்னப் பையன்களுக்கு என்பது முறை. அன்று கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். இடுப்பும் தொடையும் விருந்தாளிகளோடு தீர்ந்துபோயின. தம்பியின் தட்டில், அவனுடைய மாமனார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முன்னங்கால் எலும்பு வந்து விழுந்தது. எசென்குல் அதைத் தொடவில்லை. கத்தியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு எழுந்து போனவன்தான்.

“எலும்பு பத்தல. கூடப் பொறந்தவன், புரிஞ்சுக்குவான்னு நெனச்சேன்” என்பது ஷர்ஷெனின் கட்சி. “கூடப் பொறந்தவனுக்கு முதல்ல எடுத்து வெக்கத் தோணல பாரு” என்பது எசென்குலின் கட்சி. இரண்டும் நியாயமான கட்சிகள். அதனால்தான் தீரவில்லை.

வாசலில் யார் நிற்பது என்று யாராவது ஜாடையாகக் கேட்டால் ஷர்ஷென் விசிலைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஊரில் ஒரு சாவு. செத்தவர் வீட்டுக் கூடாரத்தைப் பூச்சி அரித்திருந்தது. ஓட்டை ஓட்டையாக வெயில் இறங்கி, பிணத்தின் மேல் புள்ளி புள்ளியாக விழுந்தது. பார்த்த ஷர்ஷெனுக்கு அன்று கறி இறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே பரணில் ஏறித் தன் கூடாரத்தை இறக்கி, பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டு முற்றத்தில் போட வைத்து, அவர்களை அனுப்பியும் விட்டார்.

“இந்த மாசத்துல கூடாரம் போட்டா ஊர் என்ன நெனைக்கும் கெழவா? கல்யாணக் காலம்கூட முடிஞ்சுபோச்சு” என்றாள் புருல்.

“நெனச்சா வந்து கேக்கட்டும். நான் உசுரோடதானே நிக்கிறேன்?”

ஊரின் சாவு வழக்கங்கள் அத்தனையும் அத்துப்படியான மனிதர், இந்த இடத்தில் ஒரு வழக்கத்தை மறந்துபோனார். யாரும் கேட்க மாட்டார்கள். ‘செத்துட்டாரா?’ என்று சாவு வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பதைவிடக் கேவலமான காரியம் அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. கூடாரம் தெரிந்தால் தலையைக் குனிந்துகொண்டு, தூரத்திலிருந்தே ஓலமிட்டுக்கொண்டு வர வேண்டும். நிமிர்ந்து பார்ப்பது, விசாரிப்பது எல்லாம் அடக்கம் முடிந்த பிறகு.

ஷர்ஷென் கூடாரத்துக்குள் நின்று நாலாபக்கமும் அண்ணாந்து பார்த்தார். “ஒரு ஓட்டை இல்ல! ஊசி நுழையாது!” என்று வெளியே கேட்கும்படி அறிவித்தார். பிறகு, குளிர்காற்று எந்தப் பக்கம் உள்ளே வருகிறது என்று சோதிப்பதற்காக, ஆண் பிணத்தைக் கிடத்துகிற பக்கத்தில் மல்லாந்து படுத்தார். காற்று வரவில்லை. தூக்கம் வந்தது.

வெளியே புருல் டீ கொதிக்கிற சமோவாருக்குச் சாணவறட்டி போட்டு ஊதிக்கொண்டிருந்தாள். புகை கண்ணில் ஏறியது. தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் பாதையில் மினிபஸ் போனது. டிரைவர் கூடாரத்தைப் பார்த்தார், கண்ணைத் துடைக்கிற பெண்ணைப் பார்த்தார். இரண்டையும் கூட்டிப் பார்க்க அவருக்குப் பள்ளிக்கூடக் கணக்கு தேவைப்படவில்லை. அடுத்த ஊரில் ஷர்ஷென் செத்திருந்தார். அதற்கடுத்த ஊரில் நெஞ்சுவலியில் செத்திருந்தார். ஆறு தாண்டுவதற்குள், சாகும்போது என்ன சொன்னார் என்பதுகூடத் தெரிந்துவிட்டது.

முதலில் வந்து சேர்ந்தவர் சம்பந்தி ஜாங்காஸி. ஷர்ஷெனின் நடு மகளைக் கட்டிய பையனின் அப்பா. காரை எட்டவே நிறுத்திவிட்டு, நாலைந்து ஆண்களோடு தலையைக் குனிந்து, “என் மலையே! சாஞ்சிட்டியே! என் மலையே!” என்று ஓலமிட்டுக்கொண்டே முற்றத்துக்குள் வந்தார்.

புருல் கையிலிருந்த வறட்டியைக் கீழே போட்டாள். சம்பந்தி அழுதுகொண்டு வருகிறார் என்றால் சாவு அவர் வீட்டில்தானே? யார்? மகளா? கேட்கக் கூடாது. ஓலம் வந்தால் பதிலுக்கு ஒப்பாரி எழ வேண்டும். “போயிட்டீங்களே, வெளக்கு அணஞ்சுபோச்சே!” என்று பேர் சொல்லாமல் ஆரம்பித்தாள். அவர்கள் வாயிலிருந்து பேர் வரும் என்று காத்துக்கொண்டே அழுதாள். அவர்களோ அவள் அழுகிற விதத்தைப் பார்த்து, சாவு நிச்சயம் என்று இன்னும் ஓங்கி அழுதார்கள்.

உள்ளே ஷர்ஷென் விழித்துக்கொண்டார். மனைவியின் ஒப்பாரி, ஆண்களின் ஓலம். ஆயுசு பூராவும் பழகிய உடம்பு யோசிக்கவில்லை. யார் செத்தார்கள் என்பதை அப்புறம் தெரிந்துகொள்ளலாம்; வாசலில் ஆள் இல்லாமல் இருப்பதுதான் அவமானம். இடுப்பில் கச்சையை இறுக்கி, கூடாரத்தோடு இறக்கி வைத்திருந்த கோலை எடுத்து, வாசலில் போய்க் குனிந்து நின்று அழ ஆரம்பித்தார்.

ஜாங்காஸி கண்ணை மூடியபடியே வந்து அவரைக் கட்டிக்கொண்டார். “எப்பேர்ப்பட்ட மனுஷன்!”

“எப்பேர்ப்பட்ட மனுஷன்!” என்று ஷர்ஷெனும் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது ஆளும் அப்படியே கட்டிக்கொண்டு அழுதுவிட்டு நகர்ந்தார். மூன்றாவது ஆளுக்கு ஜலதோஷம். மூக்கைச் சிந்துவதற்காக முகத்தைத் தூக்கினார்.

“ஷர்ஷென் அண்ணே… நீங்க யாருக்காக நிக்கிறீங்க?”

“அதை நீங்கதானே சொல்லணும்?”

ஓலம் ஒவ்வொரு தொண்டையாக நின்றது. கடைசியில் புருலின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. யாரும் சாகவில்லை என்று புரிந்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, மகளுக்குப் போன் போட்டு, அவள் குரலைக் கேட்டதும் போனை வைத்தாள். அப்புறம்தான் புருஷன் பக்கம் திரும்பினாள். அப்போது அவள் சொன்னவை அச்சில் ஏறத்தக்கவை அல்ல.

ஜாங்காஸி விழுந்து விழுந்து சிரித்தார். “சம்பந்தி, உம்ம சாவு ரொம்ப நல்லா நடந்துச்சு. ஒரு கொறையும் இல்ல.”

“நான் நடத்துற சாவுல கொறை வருமா?” என்றார் ஷர்ஷென். அதற்குள் அடுத்த கூட்டம் அழுதுகொண்டு வந்தது. அதற்கடுத்து இன்னொன்று. ஷர்ஷென் விசிலை எடுத்து, தன் சாவுக்கு வந்த கார்களைத் தானே ஒதுக்கி நிறுத்த ஆரம்பித்தார். ஒவ்வொருவரும் வந்து அதிர்ந்து, திட்டி, சிரித்து, டீக்கு உட்கார்ந்தார்கள். ஷர்ஷெனுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். கூட்டம் நன்றாகவே இருந்தது. செத்தவர்கள் யாருக்கும் கிடைக்காத தகவல் இது.

அப்போது ஆற்றுப் பாலத்துப் பாதையில் ஒரு குதிரை தெரிந்தது. அதன் மேல் ஓர் ஆள் சாய்ந்து சாய்ந்து, விழுந்துவிடுவது போல் வந்துகொண்டிருந்தான். தூரத்திலிருந்தே குரல் கேட்டது.

ஊதப் போன விசில் ஊதப்படாமல் கீழே இறங்கியது.

“எசென்குல் வர்றான்” என்றாள் புருல் மெதுவாக.

ஷர்ஷென் கூட்டத்தைப் பார்த்தார். “யாரும் வாயத் தொறக்காதீங்க. கொஞ்ச நேரம். நான் செத்தவனாவே இருந்துக்கறேன்” என்று சொல்லிக் கூடாரத்துக்குள் போய்விட்டார். டீக்கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் அவசரமாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். அந்தக் கலையில் எல்லோரும் தேர்ந்தவர்கள்.

எசென்குல் குதிரையிலிருந்து இறங்கினான். யாரையும் பார்க்கவில்லை. நேராக வாசலுக்கு வந்தான். அண்ணன் சாத்தி வைத்துவிட்டுப் போன கோலை எடுத்தான். கச்சையை இறுக்கிக் கட்டி, குனிந்து நின்றான். யாரும் சொல்லவில்லை, யாரும் கூப்பிடவில்லை. அவன் இடம் அது, வந்து நின்றுகொண்டான்.

“என் ஈரக்குலையே! என்னை விட்டுட்டுப் போயிட்டியே! ஒரு எலும்புக்காகவா அண்ணே? ஒரு எலும்புக்காகவா இத்தன வருஷம்? அந்த முன்னங்கால் எலும்பை நான் அன்னிக்கே தின்னுத் தொலச்சிருக்கலாமே!”

உள்ளே ஷர்ஷென் கம்பளியோடு ஒட்டி நின்றார். கண்ணுக்கு நேரே ஒரு சின்ன ஓட்டை இருந்தது. பூச்சி அரித்த ஓட்டை. காலையில் ஊசி நுழையாது என்று ஊருக்கே கேட்கச் சொன்னாரே, அதே கம்பளியில். அதில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

அவருக்குக் குறைந்த அந்த ஒன்று இதோ வெளியே நின்றது. குதிரை ஆச்சு, துணி ஆச்சு, இடம் ஆச்சு, இப்போது வாசலில் ஆளும் ஆச்சு. இனிமேல் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ஷர்ஷென் தொப்பியைத் தேடவில்லை. ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தம்பியின் தாடி முழுக்க நரைத்திருந்தது. கடைசியாகப் பார்த்தபோது கறுப்பு. அழும்போது அப்பாவைப் போலவே தோளைக் குலுக்கினான். வலது காலை ஊன்றாமல், முழு பாரத்தையும் கோலின் மேல் போட்டு நின்றான். கோல் வழக்கத்துக்காக இல்லை, தேவைக்காக என்று தெரிந்தது. அந்தக் காலுக்கு என்ன வந்தது? எப்போது வந்தது? யார் வைத்தியம் பார்த்தார்கள்?

உண்மையாகவே செத்திருந்தாலும் இவன் இப்படித்தான் வந்து நின்றிருப்பான். எல்லாம் இதே மாதிரி நடந்திருக்கும். ஓட்டைக்குப் பின்னால் ஒரு கண் மட்டும் இருந்திருக்காது. இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு வருஷம் தயார் செய்து வைத்த காட்சியில் அவர் உட்கார ஓர் இடம் போட்டு வைக்கவில்லை என்பது ஷர்ஷெனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏற்பாட்டில் பெரிய ஓட்டை அதுதான்.

அவர் வெளியே வந்தார்.

“உன் காலுக்கு என்னடா ஆச்சு?”

ஓலம் பாதியில் நின்றது. எசென்குல் நிமிர்ந்தான். அண்ணனை மேலும் கீழும் பார்த்தான்.

“நீ சாகலையா?”

“இல்ல.”

“அப்ப நான் அழுதது?”

“கேட்டேன்.”

“பூராவுமா?”

“எலும்பு வரைக்கும்.”

எசென்குல் கோலைத் தூக்கித் தரையில் வீசினான். “செத்தமாதிரி நடிச்சா என்னை வரவெக்கற? இத்தன பேர் முன்னாடி! நாளைக்கு நெஜமாவே செத்தாலும் வர மாட்டேன், பாத்துக்க!”

“நான் எங்கடா நடிச்சேன்? தூங்கினேன்!”

எசென்குல் நொண்டிக்கொண்டே குதிரையிடம் போனான். ஆயுசில் முதல் தடவையாக ஷர்ஷெனுக்கு என்ன ஊதுவது என்று தெரியவில்லை. குறுக்கே வந்து நின்றது புருல்தான்.

“அழுதுக்கிட்டு வந்தவன் சாப்பிடாமப் போனா வீட்டுக்கு ஆகாதுப்பா தம்பி. கோவத்தைச் சாப்பாட்டுக்கு அப்புறம் தொடரு.”

“ஆமா, சாப்பிடாம எப்படி?” என்றார் ஜாங்காஸி, தன் வயிற்றையும் மனதில் வைத்து. “ஆனா இந்தக் கூட்டத்துக்கு எதை அறுக்கறது?”

கூட்டம் மெதுவாகக் கொட்டில் பக்கம் திரும்பியது. சாம்பல் நிறக் குதிரை வைக்கோல் மென்றுகொண்டிருந்தது.

“அது என் சாவுக்கு வெச்சது!” என்றார் ஷர்ஷென்.

“இவங்கெல்லாம் யாரு சாவுக்கு வந்திருக்காங்க?” என்றாள் புருல்.

எசென்குல் தன் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடியே நின்றான். வாயோரத்தில் என்னவோ துடித்தது. அதை அவன் மீசையைத் தடவி மறைத்தான்.

சாயங்காலத்துக்குள் கொப்பரைகள் கொதித்தன. பின்னால் வந்து சேர்ந்த ஜாங்காஸியின் மனைவி ஜாடைமாடையாகக் கேட்டதில் புருலின் இரும்புப் பெட்டியையும் திறக்க வேண்டியதாயிற்று. துணி கிழிகிற சத்தம் வீடு பூராவும் கேட்டது. கறி வெந்து மேசைக்கு வந்ததும், ஷர்ஷென் வழக்கம்போல் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“உக்காரு” என்றான் எசென்குல். “செத்தவன் கறி பங்கு போடறத நான் எங்கயும் பாத்ததில்ல. சாவு வீட்டுல அது தம்பி வேல.”

ஷர்ஷென் உட்கார்ந்தார். எசென்குல் நிதானமாகப் பங்கிட்டான். பெரியவர்களுக்கு இடுப்பு, ஜாங்காஸிக்குத் தொடை என்று ஒருவரையும் விடாமல் முறைப்படி வைத்துக்கொண்டே வந்தான். ஷர்ஷெனின் தட்டுக்கு வந்தபோது, முன்னங்கால் எலும்பை எடுத்து, எல்லோரும் பார்க்க, மெதுவாக வைத்தான்.

கூட்டம் மெல்லுவதை நிறுத்தியது.

ஷர்ஷென் அந்த எலும்பைப் பார்த்தார். கையில் எடுத்தார். ஒரு நார் மிச்சமில்லாமல், எலும்பு பளபளக்கும்வரை தின்றார். விரலைத் துடைத்தார்.

“நல்லா வெந்திருக்கு” என்றார்.

“கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி” என்றான் எசென்குல், பக்கத்தில் உட்கார்ந்து. “கால் வந்து, வைக்கப்போர் மேலேருந்து விழுந்தேன். ரெண்டு குளிர்காலம் ஆச்சு.”

“யார்றா கட்டுப் போட்டது? கோணலாப் போட்டிருக்கானே, படுபாவி.”

அதற்கப்புறம் அவர்கள் பேசியதை யாரும் காதில் வாங்கவில்லை; கறி ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் கால்நடைச் சந்தைக்குப் போனார்கள். சாவு எப்போது வேண்டுமானாலும் வரலாம், கொட்டில் காலியாக இருக்கக் கூடாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஷர்ஷென் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். எசென்குல் நொண்டியபடியே முன்னால் போய், நல்ல குதிரைகளாகத் தட்டிக் காட்டினான்.

“இதைப் பாருண்ணே, விலாவுல நாலு வெரல் கொழுப்பு. இன்னிக்குச் செத்தா நாளைக்கே அறுக்கலாம்.”

“ம்” என்று சொல்லிவிட்டு ஷர்ஷென் நடந்தார். கொழுத்த குதிரைகளைத் தாண்டினார். நடுத்தரக் குதிரைகளைத் தாண்டினார். சந்தையின் ஓரத்தில், இந்த வசந்தத்தில் பிறந்து இப்போதுதான் பால் மறந்த குட்டி ஒன்று நின்றது. காலெல்லாம் குச்சி குச்சியாக இருந்தது. ஷர்ஷென் குனிந்து அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

“இதையா?” என்றான் எசென்குல். “இது அறுக்கப் பதமா வர எத்தன வருஷம் ஆகும் தெரியுமா?”

குட்டியை விற்கிறவர் நேர்மையான ஆள். “குறைஞ்சது அஞ்சு வருஷம் ஆகும் பெரியவரே. அதுக்கு முன்னாடி இதுல ஒண்ணும் இருக்காது.”

“ஆகட்டும்” என்றார் ஷர்ஷென். “அவசரம் ஒண்ணும் இல்ல.”

தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். குட்டிக்கு வேகமாக நடக்க வராது. எசென்குலின் காலுக்கும் வராது. இரண்டுக்கும் தோதாக, பாலத்தைப் பார்த்து மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.